பயத்துக்கு ஒரு நிரல்

அவர் பிக்கப்பில் ஏறி உட்காருமுன் ஏழு காரியங்கள் செய்வார். ஒவ்வொரு நாளும் அதே ஏழு, அதே ஒழுங்கில். எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதனால் தெரியும்.

முதலில் நான்கு ரயர்களையும் கட்டைவிரலால் அழுத்துவார். அடுத்து முழங்காலில் நின்று, ரோச் லைற்றை அடித்து, வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று நிலத்தைப் பார்ப்பார். பொனற்றைத் திறந்து பிரேக் எண்ணெயின் மட்டம். பிறகு கண்ணாடி துடைக்கும் கைகள். ஐந்தாவதாக என்னை வண்டிக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு, பின் விளக்குகளைப் பற்றி உள்ளேயிருந்து கேட்பார்.

"எரியுதோ?"

"எரியுது அக்கா."

"ரெண்டுமோ?"

"ரெண்டும்."

ஆறாவது, இயந்திரத்தைத் தொடக்காமலே பிரேக்கை மூன்று தரம் மிதிப்பார். நான்காம் தரம் மிதித்த காலை எடுக்காமல் திறப்பைத் திருப்புவார். இயந்திரம் எழும்பும்போது பெடல் ஒரு விரற்கடை கீழே இறங்க வேண்டும். இறங்கும். அப்போதுதான் மூச்சு விடுவார். ஏழாவது, பத்தடி உருட்டி ஒரு பிரேக். அதற்குப் பிறகே என் பக்கக் கதவு திறக்கும்.

சரவணையில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வளவு அவருடையது. நாற்பத்தெட்டு வயது இருக்கும். கணவர் மண்கும்பானிலிருந்து கடலுக்குப் போகிறவர். அந்தக் கரையில் விடியற்காலையில் மீன் ஏற்றி, அல்லைப்பிட்டி தாண்டி, கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. தீவுப் பகுதி முழுவதும் அவருக்குப் பெயர் பிக்கப் அக்கா. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கத் தொடங்கிய வருடம், முதல் பஸ்ஸை நம்ப முடியாமல் அம்மா போய்க் கேட்டதால் என்னை ஏற்றத் தொடங்கினார்.

நான் அறிந்தவர்களில் அவரைப் போலப் பயந்த ஒருவர் இல்லை.

மண்கும்பான் கரையில் பெட்டிகளை ஏற்றி முடித்ததும் ஏழு காரியங்களையும் மீண்டும் முதலிலிருந்து செய்வார். "பாரம் ஏத்தினாப் பிறகு அது வேறை வண்டி" என்பது அவர் கணக்கு. படகுகளும் வலைகளும் வைத்திருந்த சம்மாட்டியார் கரையில் நின்று கத்துவார்.

"பிக்கப் அக்கா, வண்டி ஓடப்போறியளோ, வண்டிக்குப் பூசை வைக்கப்போறியளோ? ஐஸ் உருகுதணை!"

"உருகட்டும். ஐஸ் உருகினா வேறை ஐஸ் போடலாம்."

அவருடைய கணவர் படகை இழுத்தபடி சிரிப்பார். "கடலிலை பிரேக்கே இல்லை. நான் ஒவ்வொரு நாளும் போய் வாறன்தானே?"

"வாறியள். நான் இஞ்சை இருந்து பயப்பிடுறபடியால் வாறியள்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரித்ததை நான் பார்க்கவில்லை. அவர் சொன்னது பகிடி இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பண்ணைத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். அதில் ஏறுமுன் வேகத்தைக் குறைத்து நெற்றியில் சிலுவை போடுவார். அதன் பிறகு மறுகரை வரும்வரை கதை இல்லை. ஒருநாள் நடுவில் என் தொலைபேசி அடித்தது. மறுகரையில் ஓரமாக நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுக்கம் அடங்க மூன்று நிமிடம் ஆனது. அன்றிலிருந்து தொலைபேசியை மண்கும்பானிலேயே நிறுத்திவிடுவேன்.

"சிலுவை போடேக்கை என்ன கேக்கிறனீங்கள் அக்கா? ஒண்டும் நடக்கக்கூடாது எண்டோ?"

"அதை எல்லாரும் கேப்பினம். என்ரை பயத்தை எடுத்துப்போடாதை எண்டு மாதாவிட்டைக் கேக்கிறனான்."

*

அவர் வாழ்க்கையில் நான்கு பிக்கப்புகள். நான்கும் ஒரே கம்பனியின் வண்டிகள். வேறு கம்பனியின் வண்டியை அவர் தொட்டதில்லை. அதற்குக் காரணம் பாசம் அல்ல. "தெரிஞ்ச பேயோடை இருக்கலாம்" என்பார்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு செயற்றிட்டம் தந்தார்கள். ஏதாவது ஒரு வாகனத் தயாரிப்பாளரின் ஒரு வகை வாகனம் காலத்தோடு எப்படி மாறியது என்று அட்டவணை போட வேண்டும். நான் அந்தக் கம்பனியின் பிக்கப்புகளை எடுத்தேன். நிரைக்கு ஒரு தலைமுறை. நிரல்களில் இயந்திரம், கியர், பிரேக், முன் தாங்கி, சேசிஸ், இருக்கை. பெரிய வெள்ளைத் தாளில் அடிமட்டம் வைத்துக் கீறி, முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் தாளை பொனற்றின் மேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்து, வரி வரியாக விரலால் தடவிப் படித்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனா ஒரு நிரல் குறையுது பிள்ளை."

"என்ன நிரல்?"

"பயம். எதுக்குப் பயப்பிடவேணும் எண்டு ஒண்டுக்கும் போடேல்லை."

அவர் சொல்லச் சொல்ல, கடைசியில் மிஞ்சிய இடத்தில் பென்சிலால் எழுதினேன்.

முதலாவது அவருடைய தகப்பனார் வைத்திருந்தது. சின்ன உடம்பு, வட்ட விளக்கு, கியர்த் தடி ஸ்ரியரிங்கோடு ஒட்டியிருக்கும், முன்னால் மூன்று பேர் நெருங்கி இருக்கலாம். கயிறு கட்டப் பெட்டியின் வெளிப்புறம் முழுக்கக் கொளுக்கிகள். நான்கு சில்லிலும் மூடிய பிரேக். தண்ணீர் போனால் பிடிக்காது. "மழைக்கை அப்பா மிதிச்சவர். பிரேக் பிடிச்சதுதான். ஆனா பிடிக்கேக்கை நாங்கள் கடலுக்கை நிண்டம். கதவுக் கைப்பிடி மட்டும் தண்ணி. இறால் எல்லாம் மிதந்து திருப்பிக் கடலுக்கே போட்டுது. அப்பா சிரிச்சவர். எனக்கு எட்டு வயது. நான் சிரிக்கேல்லை." அந்த நிரையில் நான் எழுதியது: தண்ணீர்.

இரண்டாவது சதுர விளக்கு, டீசல் இயந்திரம். முன் சில்லுகளில் தட்டுப் பிரேக், காலுக்கு உதவ இயந்திரத்தின் இழுவையில் வேலை செய்யும் ஒரு பெட்டி. முதலாவதின் பயத்தைக் கம்பனி எடுத்துவிட்டது. ஆனால் ஓடும்போது இயந்திரம் நின்றால் அந்தப் பெட்டி செத்துவிடும். இரண்டு மிதி மிஞ்சும், மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும். எழுதினேன்: இயந்திரம் நிற்பது.

மூன்றாவதில் முன்னால் தகட்டு வில் இல்லை, முறுக்குத் தண்டு. ஸ்ரியரிங்கும் இலகு. "ஒரு விரலாலை திருப்பலாம்" என்றார். "ஒரு விரலாலை கடலுக்கையும் இறக்கலாம்." எழுதினேன்: இலகு.

நான்காவது நாங்கள் ஏறிப்போகும் வண்டி. பெரிய முகம், ரேர்போ இயந்திரம், நான்கு பக்கமும் மூடிய சேசிஸ், காற்றுப் பை, ஏ.பி.எஸ். என்ற பிரேக் ஏற்பாடு. அவர் நெடுநேரம் யோசித்தார்.

"முந்தின மூண்டும் எங்கை பிழைக்கும் எண்டு எனக்குத் தெரியும். இது எங்கை பிழைக்கும் எண்டு தெரியாது. எல்லாத்தையும் உள்ளுக்கை வைச்சு மூடிப்போட்டான். ஒவ்வொரு மொடலிலும் ஒரு பயத்தை எடுக்கிறான், எடுத்த இடத்திலை வேறை ஒண்டை வைக்கிறான். இதிலை வைச்சதை ஒளிச்சு வைச்சிருக்கிறான்."

அந்த நிரையை வெறுமையாக விட்டேன். விரிவுரையாளர் கடைசி நிரலைப் பார்த்து, "இது என்ன பிள்ளை, பொறியியலோ சோதிடமோ?" என்று கேட்டுவிட்டு, அதற்குத்தான் கூடுதல் புள்ளி போட்டார்.

*

மூன்றாம் வருடம், மாரி தொடங்கிய ஒரு காலை. பண்ணைத் தாம்போதி நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. நடுவழியில், வீச்சுவலை தோளில் போட்ட ஒருவர் சைக்கிளோடு சறுக்கி எங்களுக்கு முன்னால் விழுந்தார்.

அக்கா மிதித்தார். முழுப் பலத்தோடு. காலுக்கடியில் பெடல் "டறடற" என்று துடிப்பதை நான் என் பக்கத்துத் தரையிலும் உணர்ந்தேன். அவர் ஒரு சத்தம் போட்டார். அதைச் சொல் என்று சொல்ல முடியாது. காலை எடுத்துவிட்டார். பிக்கப் மீண்டும் பாய்ந்தது. நான் என் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடாதேங்கோ, மிதியுங்கோ" என்று கத்தினேன். மறுபடி மிதித்தார். சைக்கிளின் பின் சில்லில் முட்டாமல், ஒரு முழ இடைவெளியில் நின்றோம்.

விழுந்தவர் எழும்பி எங்களைத் திட்டிவிட்டுப் போனார். அக்கா குனிந்து பெடலைப் பார்த்தார்.

"பிரேக் உடைஞ்சிட்டுது பிள்ளை. காலை உதைச்சது."

"உடையேல்லை அக்கா. அதுதான் ஏ.பி.எஸ். சில்லு இறுகி வழுக்காமல் இருக்க, ஒரு செக்கனுக்குள்ளை கன தரம் விட்டு விட்டுப் பிடிக்கும். துடிச்சா வேலை செய்யுது எண்டு அர்த்தம். காலை எடுக்கக் கூடாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் பிடி எண்டு மிதிக்க, அது விடுதோ?"

"கொஞ்சமா விட்டு..."

"நான் பிடி எண்டு சொல்ல அது விடுதெண்டா, இது ஆரின்ரை வண்டி?"

நான் விளக்கினேன். தாளில் படம் கீறினேன். தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து, ஆறாவது காரியத்தின்போது நான் வெளியே நின்று ஜன்னலால் எட்டிப் பார்க்க, ஏதோ ஒன்று குறைந்தது. திறப்பைத் திருப்பியதும் அந்த வண்டியின் முகப்பில் ஒன்பது எச்சரிக்கை விளக்குகள் எரிந்து ஒவ்வொன்றாக அணையும். ஒன்பது. நான் எப்போதும் எண்ணுவேன். அன்று எட்டு. மஞ்சள் வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற மூன்றெழுத்து எரியவில்லை.

கேட்டேன். ஒளிக்கவில்லை. வேலணையில் ஒரு கராஜில் கொடுத்து ஃபியூஸைக் கழற்றி, முன் சில்லில் இருந்து வரும் வயரையும் இழுத்துவிட்டிருக்கிறார். எச்சரிக்கை விளக்கு ஓயாமல் எரிந்து வெருட்டியதால், முகப்பைத் திறந்து அந்த ஒரு விளக்கின் மேல் கறுப்பு ரேப் நாடா ஒட்டச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, இது பிழை. ஈர றோட்டிலை பின் சில்லு இறுகினா பின்பக்கம் சுத்தும். ஸ்ரியரிங் கேக்காது. நீங்கள் பயப்பிட்ட எல்லாத்துக்கும் மருந்து அதுதான்."

"நீர் சொல்லுறது சரி பிள்ளை. படிச்சனீர். ஆனா அது இருந்தா என்ரை கால் அதை நம்பும். நம்பினா பயம் போகும். பயம் போனா நான் வேகமாப் போவன். இப்ப இல்லை எண்டு எனக்குத் தெரியும். அம்பதிலை போன நான் இனி முப்பத்தஞ்சிலை போவன்."

அப்படியே போனார். அந்த மாரி முழுவதும் முப்பத்தைந்து. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுவார்கள். சம்மாட்டியார், "மீன் நடந்து போனாலும் முந்திப் போயிருக்கும்" என்றார். நான் தொடர்ந்து அவர் பக்கத்தில் அமர்ந்து போனேன். திறப்பு திரும்பும்போது எட்டு விளக்குகளையும், எரியாத அந்த இடத்தையும் பார்ப்பேன். வேறு வாகனம் பார்க்கவில்லை. அவர் ஓடினால் ஒன்றும் நடக்காது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. அந்த வண்டியில் பாதிப் பிரேக் அவருடைய பயம்தான்.

*

படிப்பு முடிந்து யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். பார வண்டிகளைப் பரிசோதித்து, வீதியில் ஓடத் தகுதி உண்டு என்று சான்றிதழ் கொடுக்கும் கராஜ். முதல் வருடம் முடியுமுன் ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெரிய முகம் வாசலில் வந்து நின்றது. முறை என்னுடையது.

அவர் என்னைக் கண்டார். வணக்கம் சொல்லவில்லை. சிரிக்கவில்லை. வண்டியின் முன்னால் நின்று ஒரு கையைப் பொனற்றின் மேல் வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் முப்பத்தொரு வரி. முப்பது வரியும் அவருடைய வண்டியில் புதுவண்டி போல இருந்தன. ரயர் நல்லது. எண்ணெய் கசிவு இல்லை. வளவில் ஓடிப் பிரேக் போட்டேன். நேராக நின்றது. பத்தொன்பதாவது வரி: எச்சரிக்கை விளக்குகள்.

எழுதினால் வண்டி அன்றே நிற்கும். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும். மண்கும்பான் கரையில் மீன் கிடக்கும். எழுதாவிட்டால், ஒரு பொய்.

"சரி" என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பரிசோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். என் கை நடுங்கவில்லை. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். நடுங்கியிருக்க வேண்டும்.

அவர் தாளை வாங்கி, பத்தொன்பதாவது வரிக்கு நேரே விரலை வைத்துப் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நன்றி சொல்லவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு தாம்போதியில் ஒரு விளக்குக் கம்பம் அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. அன்றைக்கே ஓட்டத்தை விட்டார். வைத்தியரிடம் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று கணவர் சொன்னதைக் கேட்கவில்லை. கண் இரண்டு காட்டியது, அவ்வளவுதான். சந்தையில் நின்ற ஒரு சாரதியைக் கெஞ்சி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வாங்க வந்தவர் புங்குடுதீவுக்காரர். முப்பத்தைந்து வயது, எதற்கும் சிரிக்கிற மனுசன். பின்பெட்டியில் இருக்க வாங்குப் பலகை பூட்டி, தறப்பாள் கட்டி, காலையிலும் பின்னேரமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதாகச் சொன்னார். நான் மதிலுக்கு வெளியே வீதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏறினார். திறப்பைத் திருப்பினார். முழங்கையை ஜன்னலில் வைத்தார். போனார். ஏழில் ஒன்றும் செய்யவில்லை.

அன்று பின்னேரம் அக்காவின் வளவுக்குப் போனேன். கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ஆளுக்குச் சொன்னியளோ?"

"என்னத்தை?"

"ரேப் ஒட்டினதை."

ஒரு சாரத்தை உதறி விரித்தார். "அவர் கேக்கேல்லை."

"நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"நீர் எழுதியிருக்கலாம்."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும்: சொன்னால் வாங்கமாட்டார், சொன்னால் அந்தச் சான்றிதழ் எப்படி வந்தது என்று கேட்பார். எனக்கு இருந்ததும் அதே இரண்டாவது பயம். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். மாரி வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாள்காட்டியில் பார்த்தேன்.

*

செய்தி பஸ்ஸில் வந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"அந்தப் பள்ளிக்கூடப் பிக்கப், புங்குடுதீவுத் தாம்போதியிலை எல்லே. நாய் குறுக்கை வந்ததாம், பிரேக் அடிச்சவராம், பின்பக்கம் அப்பிடியே சுத்தி... ஒரு சில்லு கல்லுக்கு வெளியாலையாம்."

"ஐயோ, பிள்ளையளோ உள்ளுக்கை?"

"பதினொரு பிள்ளையள். ஒண்டுக்கும் ஒண்டுமில்லை. ஒரு பொடிச்சிக்கு மட்டும் காய்ச்சல், பயத்திலை."

நான் அடுத்த தரிப்பில் இறங்கினேன். இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

அக்கா ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். வாசலில் சீலையைச் செருகிக்கொண்டு நின்றார். "ஸ்கூட்டியை எடும்" என்றார். கல்லூரி நாட்களில் எடுத்த என் கருவிப் பையையும் ஒரு ஃபியூஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன்.

மழை தூறியது. பின்னால் இருந்த அவருடைய இரண்டு கைகளும் என் இடுப்பில் இறுகிக்கொண்டே வந்தன. புங்குடுதீவுத் தாம்போதி நீளம். காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது. ஓரிடத்தில் ஓரத்துக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. முறிந்த முகம் வெள்ளையாக, புதிதாக இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர். நான் நிறுத்தவில்லை. அவருடைய நெற்றி என் முதுகில் பதிந்ததை உணர்ந்தேன்.

வண்டி அந்த மனிதருடைய வளவில் நின்றது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் தகப்பன்மாரும் அங்கே நின்றார்கள். அக்கா நேராகப் போய், என் பெயரைச் சொல்லி வண்டியைத் திருத்த வந்த பிள்ளை என்று காட்டிவிட்டு, ஏ.பி.எஸ். கழற்றிய கதையை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"விளக்கு எரியேல்லைத்தானே? அப்ப பிழையில்லை எண்டுதானே நான் நினைச்சனான்" என்றார் அந்த மனிதர்.

நான் முகப்பைத் திறந்து ரேப்பை உரித்தேன். புதிய ஃபியூஸ் போட்டேன். முன் சில்லுக்குக் கீழே படுத்து வயரின் முனையைத் தேடினேன். இரண்டு வருடம் உப்புக் காற்றில் திறந்து கிடந்த முனை பச்சையாகப் பூத்து, தொட உதிர்ந்தது. திறப்பைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவில்லை. கழற்றியதைத் திருப்பிப் பூட்டலாம் என்று அந்த நிமிடம்வரை நம்பியிருந்தேன்.

"நாளைக்குப் பிள்ளையளை ஏத்தாதையுங்கோ" என்றேன். "இது திருத்தும்வரைக்கும் ஒருநாளும் ஏத்தாதையுங்கோ."

"அப்ப இதுக்கு ஆர் பாஸ் குடுத்தது?" தகப்பன்மாரில் ஒருவர் முன் தட்டைத் திறந்து சான்றிதழை எடுத்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது உம்மடை பேரெல்லோ பிள்ளை?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா பேசினார். குரல் உரத்து, தெளிவாக இருந்தது. அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அவவுக்குத் தெரியாது. ரேப் உள்ளுக்கை ஒட்டினது, வெளியாலை பாக்க ஒருத்தருக்கும் தெரியாது. நான்தான் மறைச்சனான். அந்தப் பிள்ளையையும் ஏமாத்தினனான், உங்களையும் ஏமாத்தினனான்."

"அப்பிடியோ?" அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உமக்குத் தெரியாதோ?"

எனக்கு முன்னால் மூன்று பதில்கள் இருந்தன. தெரியும் என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் நிற்கலாம். மூன்றாவதைச் சொன்னேன்.

"இல்லை."

அதன் பிறகு அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். அக்காவை நோக்கி வந்த சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரு தகப்பன், "உன்ரை பிள்ளையை ஏத்துவியோ அதிலை?" என்று ஒருமையில் கேட்டார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் கை இரண்டையும் முன்னால் கோத்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டார். அந்தக் கைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நடுங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் தாம்போதி முடிந்த பிறகுதான் பேசினார்.

"நான் இனி ஓடப்போறதில்லை. நீர் இனியும் வண்டி பாப்பீர்."

"அக்கா, நான் நாளைக்குப் போய்ச் சொல்லுறன்."

"சொல்லாதையும். இனி நீர் பயந்து பயந்து பாப்பீர். அது காணும்."

நான் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் போனது. வண்டி திருப்பி அக்காவின் வளவில் கொண்டுவந்து விடப்பட்டு, மாமரத்துக்குக் கீழே நின்றது. அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வீதியில் கண்டவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். அடுத்த வருடம் கணவனும் மனைவியுமாக மன்னாருக்குப் போய்விட்டார்கள் என்று அம்மா சொன்னார். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

போன மாதம் மீன் வாங்க மண்கும்பான் கரைக்குப் போனேன். சம்மாட்டியார் என்னை அடையாளம் கண்டு, விளைமீன் நாலைத் தெரிந்து பையில் போட்டார்.

"நீர் பிக்கப் அக்காவோடை போய் வந்த பிள்ளையெல்லோ? பாத்தீரோ, எங்களுக்கு முன்னாலை பயந்தவள் மாதிரி நடிச்சு நடிச்சு, கடைசியிலை பிரேக்கைக் கழட்டி மறைச்சுப்போட்டு, பிள்ளையள் ஏத்திற மனுசனுக்கு வித்திருக்கிறா. உமக்குத் தெரியுமோ இந்தக் கதை?"

கரையில் வேறு நாலைந்து பேரும் நின்றார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓமோ?" என்றேன், அப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல.